இரண்டாம் எழுத்து

துறைமுகத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஒருவர் சென்ற மாதம் சாம்பல்தீவுக்கு என்னைத் தேடி வந்தார். ஒரு தாளின் தலையில் "கப்பலில் சிக்னல் கொடுப்பவரின் கடமைகளும் தகைமைகளும்" என்று எழுதி, கீழே இலக்கங்களை மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருந்தார். நான் நிரப்பித் தரவேண்டுமாம்.

"அந்த வேலை செய்தவையிலை எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒருத்தர்தானே," என்றார்.

என் பெயருக்கு எதிரே "ஓய்வு பெற்றவர்" என்று குறித்திருந்தார். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தேன். இப்போது வெங்காயத் தோட்டம் செய்கிறேன். ஓய்வு பெறும் வயதில் நான் விலகவில்லை, ஓய்வெடுக்கும்படி ஒருவர் சொன்னார். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

தாளை அன்றைக்கே நிரப்பிக் கொடுத்தேன். நல்ல பார்வை வேண்டும், உரத்த குரல் வேண்டும், குடித்துவிட்டு வரக்கூடாது, மழைக்காலத்தில் வழுக்காத செருப்புப் போடவேண்டும். எல்லாம் சரியானவைதான். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியது அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகையால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைப் பெற்ற அப்பு கையெழுத்துக்குப் பெருவிரல் ஒற்றுகிறவர். நான் எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணியபோது அரசாங்கக் கச்சேரியில் கதிரை போட்டு இருத்துவார்கள் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். இரண்டு வருடம் விண்ணப்பம் எழுதியதுதான் மிச்சம். கடைசியில் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி அடுக்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். முதல் நாளே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கந்தோர் வேலை கேட்ட தம்பிக்கு ஆபீஸ் வேலை கிடைச்சிருக்கு!"

கந்தோர் என்றாலும் ஆபீஸ் என்றாலும் ஒன்றுதானே என்று நினைத்த எனக்குச் சிரிப்பின் காரணம் விளங்க மூன்று நாள் பிடித்தது. கப்பலில் "ஆபீஸ்" என்றால் தூக்கு. "ஆரியா" என்றால் இறக்கு. எந்தப் பாஷைக்காரன் விட்டுப்போன சொற்களோ தெரியாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேலைசெய்த எங்கள் துறைமுகத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தவை அந்த இரண்டு சொற்கள்தான்.

இரண்டு வருடம் கப்பலின் கிடங்குக்குள் பெட்டி அடுக்கினேன். சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கியபோது, எழுத்துத் தெரிந்தவன் பெட்டிகளின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பான் என்று என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். பயிற்சி என்று யாரும் எதுவும் தரவில்லை. பிழை விட்டால் கீழே இருப்பவன் சாவான் என்பது தெரிந்திருந்தால் போதும் என்று நினைத்தார்கள்.

சிக்னல் கொடுப்பவன் நிற்கும் இடம் கிடங்கு வாயின் விளிம்பு. கீழே நான்கு மூலைக்கு நான்கு பேர். பின்னால், தளத்தில், வின்ச் என்ற பாரம் தூக்கும் யந்திரத்தோடு ஒருவர். யந்திரத்தில் நிற்பவருக்குக் கிடங்கு தெரியாது. கிடங்கில் நிற்பவர்களுக்கு அவரைத் தெரியாது. இருவரையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் விளிம்பில் நிற்பவன். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முட்டியைப் பொத்தினால் நிறுத்து. பெட்டிகளைக் கயிற்றால் வளைத்துக் கட்டிய பாரத்தை முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தவேண்டும். முடிச்சு இறுகுகிறதா, பெட்டி எதுவும் சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு தூக்கலாம். அவசரத்தில் அந்தச் சாணை விட்டவர்கள் பலர்.

எங்களுக்கு வந்த கப்பல்களின் வின்ச் நீராவியில் ஓடியது. குழாய் மூட்டுகள் கசிந்து, நினைத்திராத நேரத்தில் நீராவி வெள்ளைப் புகாராக எழும்பி எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும். அப்போது கைக்கு வேலை இல்லை, குரலுக்குத்தான். தூக்க ஆபீஸ், இறக்க ஆரியா. நிறுத்து என்பதற்குச் சொல் கிடையாது. பேசாமல் இருப்பதுதான் நிறுத்து.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு சொல்லும் "ஆ"வில்தான் தொடங்குகின்றன. கத்தும்போது அந்த "ஆ" ஒன்றுதான் தூரம் போகும். அதன் பிறகு "பீ" வருகிறதா "ரி" வருகிறதா என்பதில் யந்திரத்தில் இருப்பவரின் கை முடிவெடுக்கும். மூன்றாம் எழுத்துக்காகக் காத்திருப்பவரை அந்த வேலைக்கு வைத்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் அதற்குள் பாரம் ஆடத் தொடங்கிவிடும்.

இதனால்தான் கிடங்கு வாயில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கீழே உள்ளவனை விலகச் சொல்லவேண்டுமானால் கையில் இருக்கும் கொழுக்கியால் விளிம்பு இரும்பில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். இது எங்கள் மாணிக்கம் கங்காணியின் சட்டம்.

கங்காணி ஒருபோதும் சத்தம் போடாதவர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த லேஞ்சித் துண்டு. கயிற்றைப் பெருவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். நார் எழும்பினால் ஒன்றும் பேசாமல் அந்தக் கயிற்றைக் கடலில் எறிவார். பிள்ளை வயதுக்காரனையும் நீங்கள் என்றுதான் அழைப்பார். யாரையாவது வேலையால் நிறுத்துவதென்றால் அருகில் வந்து, சுகம் விசாரிப்பவர்போல மெல்லிய குரலில், "நாளைக்கு ஓய்வெடுங்கோ," என்பார். அந்த நாளை முடிவதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் சும்மா நடந்து வந்தாலே வாயில் வைத்த சோறு இறங்காது.

கீழே முன்மூலையில் நின்றவன் ஆரிப். கிண்ணியாக்காரன், என் வயது. பாதை என்ற மிதவையில் கடல் கடந்து வேலைக்கு வருவான். அவன் கொண்டுவரும் பொரித்த மீனும் என் வீட்டுச் சம்பலும் ஒரே வாழையிலையில்தான்.

"என்ன வாத்தியார்," என்பான். "எங்களுக்கு மேலை நிண்டு கையாட்டவோ எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணினனீ?"

"உன்ர மண்டையிலை பெட்டி விழாமப் பாக்க."

"விழட்டும் மச்சான். தேயிலைப் பெட்டிதானே. மௌத்தானாலும் வாசமாயிருக்கும்."

வின்ச்சில் இருந்தவர் லிங்கநகர் கணபதியண்ணை. ஐம்பது தாண்டியவர். வெள்ளைக்காரக் கடற்படை இங்கிருந்த காலம்தொட்டு யந்திரத்தோடு இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. யந்திரம் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டே எந்த மூட்டுக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லுவார். அவர் இறக்கும் பெட்டி கிடங்கின் தரையைத் தொடும்போது சத்தம் வராது. "என்ர கண் நீ, தம்பி. காது மட்டும் என்னட்டை இருக்கு," என்பார்.

விளிம்பில் ஏழாவது வருடம், ஒரு நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு. பாரம் கிடங்குக்குள் ஒன்றரை ஆள் உயரத்தில் தொங்கியது. ஆடியதால் முட்டியைப் பொத்தி நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் குழாய் சீறியது. கணபதியண்ணை புகாருக்குள் மறைந்துபோனார். நான் பேசாமல் நின்றேன், பாரமும் நின்றது. அதுவரை எல்லாம் முறைப்படி.

பாரம் அசையாமல் நிற்பதைக் கண்ட ஆரிப், கைதவறி விழுந்த கொழுக்கியை எடுக்கக் குனிந்தபடி அதன் கீழே ஓடினான். அதே கணத்தில் மேல்வரிசைப் பெட்டி ஒன்று சாய்வதைக் கண்டேன். அவனுக்கு நேர் மேலே. என் இடது கையில் கொழுக்கி இருந்தது. இரண்டு தட்டுத் தட்டியிருக்கலாம். ஆபீஸ் என்று கத்தியிருந்தால் பாரம் முழுவதும் மேலே போயிருக்கும். இரண்டும் எனக்குத் தெரியும். ஏழு வருடப் பழக்கம்.

"ஆரிப்!" என்று கத்தினேன்.

தன் பெயரைக் கேட்டவன் ஓடவில்லை. யார் கூப்பிட்டாலும் மனிதன் செய்வதைத்தான் செய்தான். நின்று, முகத்தை உயர்த்தி என்னைப் பார்த்தான். புகாருக்குள் இருந்த கணபதியண்ணைக்கு "ஆரி" கேட்டது. அவர் கை செய்யவேண்டியதைச் செய்தது.

சாய்ந்த பெட்டி விழவே இல்லை. மற்றப் பெட்டிகளோடு சேர்ந்து ஒழுங்காக இறங்கியது. ஆரிப் கடைசி நேரத்தில் உடம்பை இழுத்துக்கொண்டான். வலது கால் மட்டும் உள்ளே அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கணபதியண்ணை ஓடிவந்து கிடங்கை எட்டிப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்தார்.

"ஆரியா எண்டுதானே சொன்னனீ?"

"இல்லை அண்ணை."

"சொல்லேல்லையோ?"

"நான் ஆரியா எண்டு சொல்லேல்லை."

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து கொம்பனி அனுப்பிய ஒரு தமிழ் அதிகாரி விசாரணைக்கு வந்தார். வாக்குமூலங்களை அதற்கு முன்பே எழுதி வைக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் எது எழுதவேண்டி வந்தாலும் நான்தான் எழுதுவேன். கலியாணக் கடிதம், லீவுக் கடிதம், பிணக்குக் கடிதம் எல்லாம். கணபதியண்ணை என் எதிரே குந்தியிருந்து சொன்னார், நான் எழுதினேன்.

"எனக்கு ஆரியா எண்டு கேட்டது. இறக்கினனான். அவ்வளவுதான். வடிவா எழுது தம்பி, நீ படிச்சனி."

ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். அவர் பெருவிரல் ஒற்றினார். மை காயும்வரை ஊதினார்.

என் வாக்குமூலத்தை எழுதும்போது கங்காணி பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் ஆரியா எண்டு சொன்னீங்களோ?"

"இல்லை."

"அப்ப அதை எழுதுங்கோ."

"ஆனா நான் வேறை..."

"கேக்காத கேள்விக்கு மறுமொழி எழுதக்கூடாது," என்றார் அதே மெல்லிய குரலில். "உங்களுக்கு வயது கிடக்கு. கணபதி எப்பிடியும் இன்னும் கொஞ்ச நாளிலை வேலையாலை போற ஆள்."

நான் எழுதியது இன்றும் மனப்பாடம். "யான் ஆரியா என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. நீராவி மறைத்திருந்தது. வின்ச் இயக்கியவர் சொல்லப்படாத சொல்லைச் செவியுற்றதாகக் கருதிப் பாரத்தை இறக்கினார்." மூன்று வாக்கியத்திலும் ஒரு பொய் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை என் வாழ்க்கையில் அவ்வளவு திறமாக நான் வேறு எங்கும் பாவித்ததில்லை.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"கணபதி, உமக்குக் காது எப்பிடி?"

"நல்லாக் கேக்கும் ஐயா."

"இவர் சொல்லாத சொல் உமக்கு எப்பிடிக் கேட்டது?"

கணபதியண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. படித்த பிள்ளை, ஐயாவுக்கு எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்த்த பார்வை. நான் மேசையைப் பார்த்தேன். கிடங்கில் நின்ற மற்ற மூவரும், சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த ஆரிப்பை யாரும் கேட்கவில்லை. செவிப்புலன் குறைவு, வேலைக்குத் தகுதியற்றவர் என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் கங்காணி கணபதியண்ணைக்கு அருகில் போனார். அவர் உதடு அசைவதை மட்டும் தூரத்திலிருந்து கண்டேன்.

இரண்டு வருடம் நான் தொடர்ந்து விளிம்பில் நின்றேன். புதிய வின்ச்காரர் வந்தார். முன்மூலையிலும் வேறு ஒருவர். யாரையும் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, சாப்பாட்டு நேரத்திலும்கூட.

ஒரு நாள் லிங்கநகரில் சைக்கிளில் போனேன். முன்னால் கணபதியண்ணை தெருவின் நடுவில் நடந்துகொண்டிருந்தார். மணி அடித்தேன். அவர் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேலியோடு ஒட்டி நின்றார். என்னை அடையாளம் கண்டதும் சிரித்தார்.

"குறை நினையாதையுங்கோ தம்பி. மணிச் சத்தம் கேட்டமாதிரித்தான் இருந்தது. ஆனா இப்ப எனக்குக் கேக்கிறது நிசமோ எண்டு தெரியிறேல்லை."

என்னை அவர் நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை.

"ஆசுபத்திரியிலை காட்டினீங்களோ அண்ணை?"

"காட்டினனான். டாக்குத்தர் ஒரு பழுதும் இல்லையெண்டார். அவர் சும்மா மனம் ஆறச் சொல்லுறார். நீங்கள் பக்கத்திலை நிண்ட ஆள். நீங்களே சொல்லேல்லை எண்டு எழுதினனீங்கள்தானே. றேடியோவையும் குடுத்திட்டன். கேக்கிறதெல்லாம் அவங்கள் சொல்லுறதோ, என்ர மண்டைக்குள்ளையோ எண்டு யோசிச்சு ஏலாமப் போச்சு."

அந்த வார விடுமுறையில் பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஆரிப் தமையனின் கடை வாசலில், ஊன்றுகோலை மடியில் கிடத்தியபடி இருந்தான்.

"வா வாத்தியார். பாதை இண்டைக்குத்தான் ஓடத் தொடங்கினதோ?"

நான் அவன் பக்கத்தில் குந்தினேன்.

"என்ர பேரைத்தான் கூப்பிட்ட நீ. எனக்கு நல்லாத் தெரியும். உன்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டன்."

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"என்னைக் காப்பாத்தக் கூப்பிட்டவனைக் காட்டிக் குடுக்கிறதோ? நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தன்." ஊன்றுகோலை நிலத்தில் குத்தினான். "கால் போனது எனக்கு, மச்சான். அந்த மனுசனுக்கு என்னத்துக்குக் காதை எடுத்த நீ?"

திங்கட்கிழமை ஒரு பக்கம் எழுதினேன். அதில் அலங்காரம் இல்லை. "நான் ஆரிப் என்று கத்தினேன். அதன் முதல் பாதியும் ஆரியாவின் முதல் பாதியும் ஒன்று. கணபதி சரியாகக் கேட்டார். பிழை என்னுடையது." கொம்பனிக் கந்தோரில் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, அந்த விசாரணைக் கோவை மூடியாயிற்று, மூடிய கோவைக்குள் தாள் சேர்க்க முடியாது என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். கணபதியண்ணையை அவர்கள் திருப்பிக் கூப்பிடவில்லை. பின்னேரம் கங்காணி விளிம்புக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். சுகம் விசாரிக்கும் குரலில் எனக்குரியதைச் சொன்னார்.

கொழுக்கியை வைத்துவிட்டு நேரே லிங்கநகருக்குப் போனேன். கணபதியண்ணை முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெளியே வந்து, அவர் காதோடு வாயை வைத்து, "சாம்பல்தீவுத் தம்பி வந்திருக்குது!" என்று கத்தினார். "ஆரு?" என்றார் கணபதியண்ணை. இரண்டாவது முறையும் கத்திவிட்டு மனைவி குசினிக்குள் போனார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"என்ன கத்தினனீ? அதைத் திருப்பிக் கத்து."

"அண்ணை..."

"அண்டைக்குக் கத்தினமாதிரிக் கத்தடா."

அவர் எழும்பி எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் கத்தினேன். வேலிக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது. அவருடைய வலது கை இடுப்பு உயரத்தில் முன்னே போய், ஒன்றும் இல்லாத காற்றைப் பிடித்துக் கீழே தள்ளியது. தள்ளிய கையை அவர் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆரி," என்றார். "அவ்வளவுதான் கேட்டது. அது சரியாத்தானே கேட்டிருக்கு."

"ஓம் அண்ணை."

"இரண்டு வருசம், என்ர பெண்சாதி கதைக்கிறதையும் நான் நம்பேல்லை."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, முட்டியைப் பொத்தினார். நான் நிறுத்தினேன்.

குசினிக்குள் பாத்திரம் ஒன்றை நகர்த்திவைக்கும் சத்தம். அவர் மனைவி, தனக்குத் தானே கேட்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அந்தத் தம்பிக்கும் தேத்தண்ணி வைக்கட்டோ?"

முற்றத்தில் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் விழுந்தது.

"வேண்டாம்," என்றார் கணபதியண்ணை, திரும்பிப் பார்க்காமலே. "அவர் போறார்."